கிரேயான் உருக்கி வால் ஆர்ட்: ட்ரையரா, ஹீட் கன்னா, அயர்ன் பாக்ஸா? மலையில இருக்கறவங்களுக்கு எது சரிப்படும்

மே லீவுலயும் சரி, மழை புடிச்சுக்கிட்டு பசங்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கற ஜூலைலயும் சரி, எங்க குன்னூர் பக்கம் சுத்திச் சுத்தி வர்ற கேள்வி ஒண்ணுதான். கேன்வாஸ் மேல வரிசையா கிரேயான் ஒட்டி, சூடு காட்டி, கலர் கலரா வழிய விட்டு சுவர்ல மாட்டறாங்களே, அதை எதை வச்சு உருக்கறது? வீட்டுல ஹேர் ட்ரையர் இருக்கு போதுமா, ஹீட் கன் வாங்கணுமா, அயர்ன் பாக்ஸ்ல பண்ணலாம்னு சொல்றாங்களே அது என்ன, மெழுகுவர்த்தியே போதாதா. எல்லாத்துலயும் உருகும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வீடியோல காட்டறவங்க யாரும் சாயங்காலம் நாலு மணிக்கே ஸ்வெட்டர் மாட்டற ஊர்ல இருந்து காட்டல. அங்க சரியா வர்றது இங்க அப்படியே வராது. அதனால கீழ்நாட்டுக் கணக்கை விட்டுட்டு மலைக் கணக்குல பார்ப்போம். கொடைக்கானல்காரங்களுக்கும் இதே கணக்குதான், அங்கயும் இதே குளிர், இதே ஈரம்.

## எதை வச்சு முடிவு பண்றது

மொதல்ல குளிர். சாதாரண மெழுகு கிரேயான் பாரஃபின் மெழுகுல செஞ்சது, 50லேர்ந்து 65 டிகிரிக்குள்ள உருகிடும், அது ஒண்ணும் பெரிய சூடு கிடையாது. பிரச்சனை உருக்கறதுல இல்ல, உருகினது ஓடறதுலதான் இருக்கு. பலகை 12 டிகிரில ஜில்லுனு கிடந்தா, உருகின மெழுகு ரெண்டு இஞ்ச் இறங்கறதுக்குள்ள உறைஞ்சுடும்.

ரெண்டாவது கரண்ட். லோ வோல்டேஜ் நம்ம ஊர்ல புதுசு இல்ல. சூடு பண்ற சாமானுக்கு வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் பவர் ரொம்பவே இறங்கும், 230 வோல்ட்டுக்கு 1200 வாட்ஸ்னு எழுதியிருக்கற ட்ரையர் 180 வோல்ட்ல சுமார் 735 வாட்ஸ்தான் தரும். காலையில எல்லா வீட்டுலயும் கீசர் ஓடற நேரத்துல உக்காந்தீங்கன்னா கை வலிக்கறதுதான் மிச்சம், பதினொண்ணு மணிக்கு மேல மூணு மணிக்குள்ள வச்சுக்கோங்க. அப்புறம் ப்ளக் பாயிண்ட். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் 1300, 1400 வாட்ஸ் வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல போனா 16 ஆம்பியர் பவர் ப்ளக் வேணும். எஸ்டேட் தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீடு, அதான் லயன் வீடு, பல இடத்துல அது கிடையாது.

மூணாவது புகை. மெழுகு உருகினா லேசான வாசனை, அவ்வளவுதான். அதிகமா சூடாச்சுன்னா வர்ற புகை கண்ணை எரிக்கும், தொண்டையைக் கமறும். கீழ ஊர்ல ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்து வச்சுப்பாங்க, நம்ம குளிருக்கு எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திட்டு உக்காருவோம். இதை யாருமே யோசிக்கறதில்ல.

அப்புறம் யாரு பண்றாங்க, அஞ்சு வயசுப் பிள்ளையா காலேஜ் படிக்கற பொண்ணா. என்ன டிசைன் வேணும், வழியறதா பரவறதா புள்ளி புள்ளியாவா. கடைசியா, கடை பில்லுல தெரியாத செலவு. அதை ஒவ்வொண்ணுலயும் தனியா சொல்றேன்.

## அதுக்கும் முன்னாடி, கிரேயானையும் பலகையையும் பாருங்க

எந்த மெஷின்னு குழம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு உண்மையான பிரச்சனை மெஷினே கிடையாது, கிரேயான்தான். நம்ம ஸ்டேஷனரி கடையில கிரேயான்னு கேட்டா மூணு சாமானை எடுத்து வைப்பாங்க. மெழுகு கிரேயான், பிளாஸ்டிக் கிரேயான், ஆயில் பாஸ்டல். ஸ்கூல்ல இப்ப நிறைய கேக்கறது பிளாஸ்டிக் கிரேயான், கையில ஒட்டாது, ரப்பர் போட்டு அழிக்கலாம், உடையாது, எல்லாம் நல்லதுதான், ஆனா உருக்கறதுக்கு ஆகாது. ட்ரையர்ல வளையும், குழையும், ஓடாது, ஹீட் கன்ல வச்சா பிளாஸ்டிக் கருகற நாத்தம் வரும். ஆயில் பாஸ்டல் சேறா குழைஞ்சு அங்கயே நிக்கும். உங்களுக்கு வேண்டியது டப்பால வாக்ஸ் கிரேயான்னு போட்டிருக்கறது மட்டும்தான். டப்பா போயிடுச்சுன்னா நகத்தால சுரண்டிப் பாருங்க, செதில் செதிலா உதிர்ந்து விரல் நடுவுல தேய்ச்சா வழவழன்னு இருந்தா அது மெழுகு. சுரண்டவே வராம நகம் வழுக்கினா அது பிளாஸ்டிக். இன்னும் சந்தேகம்னா ஒரு துண்டைக் கரண்டியில வச்சு மெழுகுவர்த்தி மேல காட்டுங்க, தண்ணியா ஓடினா எடுத்துக்கோங்க.

பலகைக்கு, அட்டை மேல துணி ஒட்டின கேன்வாஸ் போர்டு வாங்காதீங்க, நம்ம ஈரத்துல ஒரு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள வில்லா வளைஞ்சுடும், வளையும்போது மெழுகு விரிசல் விட்டு உதிரும். சட்டத்துல இழுத்துக் கட்டின கேன்வாஸும் அழுத்தினா அமுங்கும், அதனால கனமா வழிய விடறதுக்கு அது லாயக்கில்ல. ஆசாரி கிட்ட கேட்டா வெட்டிப் போட்ட 6 எம்எம் ப்ளைவுட் துண்டு கிடைக்கும், அதுல ஒரு கோட் வெள்ளை ப்ரைமர் அடிச்சா போதும். பழைய டீத்தூள் பெட்டிப் பலகை வீட்டுல கிடக்குதுன்னு சிலர் எடுப்பாங்க, பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ரொம்பப் பழைய பெட்டிக்கு உள்ள ஈயத் தகடு ஒட்டியிருப்பாங்க, சூடு காட்டற வேலைக்கு அது வேண்டாம். தெர்மகோல், சன்போர்டு ரெண்டையும் பக்கத்துலயே கொண்டு வராதீங்க.

## ஹேர் ட்ரையர்

மலையில ட்ரையர் இல்லாத வீடு கம்மி. தலை காய வைக்கறதுக்கு வாங்கினதா சொல்லுவாங்க, மழைக்காலத்துல பாதி நேரம் அது ஸ்கூல் சாக்ஸையும் ஷூவையும்தான் காய வச்சுக்கிட்டு இருக்கும். அதனால கைக்காசு செலவு இல்லாம ஆரம்பிக்கணும்னா இதுதான் மொத சாய்ஸ். சூடும் ஒரு அளவுக்கு மேல போகாது, உள்ள கட் ஆஃப் இருக்கும், மெழுகு புகையற அளவுக்கு இது சூடாக்காது. பெரியவங்க பக்கத்துல நின்னா எட்டு வயசுப் பிள்ளை கூடப் பிடிக்கலாம்.

ஆனா குளிர். கோத்தகிரில எனக்குத் தங்கச்சி முறை ஆகற ஒரு பொண்ணு ஜனவரில போன் பண்ணா.

"அக்கா, வீடியோல அஞ்சு நிமிஷத்துல வழியுது, எனக்கு அரை மணி நேரமா சுத்திக்கிட்டே இருக்கு, கிரேயான் மேல பளபளன்னு ஆகுது, ஆனா கீழ இறங்க மாட்டேங்குது."

"பலகையத் தொட்டுப் பாரும்மா."

"ஐஸா இருக்குக்கா."

அவ்வளவுதான் விஷயம். கிரேயானுக்கு மட்டும் காத்தைக் காட்டிட்டு இருந்தா நடக்கறது இதான்: நுனியில ஒரு சொட்டு திரளும், ஒரு இஞ்ச் இறங்கும், முனை வெளுத்துப் போயி நின்னுடும். அடுத்த சொட்டு அது முதுகு மேல ஏறி அதே இடத்துல நிக்கும். இப்படி ஒண்ணு மேல ஒண்ணா முண்டு கட்டி, பார்க்கத் தடியா இருக்கும், ரெண்டு வாரத்துல ஒரு மத்தியானம் தானா பேத்துக்கிட்டு கீழ விழும். ஏன்னா சூடா இருந்தாத்தான் மெழுகு பலகைக்குள்ள கொஞ்சம் இறங்கிப் புடிக்கும், ஜில்லுனு இருக்கற பலகை மேல அது சும்மா உக்காந்துதான் இருக்கு.

இதுக்கு வழி இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பலகையோட ரெண்டு பக்கத்தையும் ட்ரையரால நல்லா சூடு பண்ணிக்கோங்க, கை வச்சா வெதுவெதுன்னு தெரியணும். அப்புறம் கிரேயானுக்கு ஒரு பங்கு நேரம், அது ஓட வேண்டிய கீழ்ப் பாதைக்கு ரெண்டு பங்கு நேரம் காத்து காட்டுங்க. பலகையை நல்லா நிமித்தி வைங்க. ட்ரையர் முனைல குறுகலான மூக்கு ஒண்ணு வருமே அதை மாட்டிக்கோங்க, சூடு அதிகத்துலயும் காத்து கம்மியிலயும் வைங்க, காத்து வேகமா இருந்தா மெழுகு ஓடாது, தெறிக்கும். பெயிண்ட் அடிச்ச சுவர்ல சிவப்பும் நீலமும் தெறிச்சதைச் சுரண்டி எடுக்கறது பெரிய வேலை, அதனால பின்னாடி மூணு பக்கமும் பழைய பேப்பர் கட்டுங்க.

தெரியாத செலவு என்னன்னா ட்ரையரே. தொடர்ந்து ஓட விட்டா கட் ஆஃப் விழும், ஆறின பிறகுதான் திரும்ப ஓடும், இதையே திரும்பத் திரும்பப் பண்ணா சின்ன ட்ரையர் சீக்கிரம் மண்டையைப் போடும். மூக்குல மெழுகு தெறிச்சு ஒட்டிக்கிட்டா மறுநாள் தலை காய வைக்கும்போது மெழுகு வாசனை வரும், வீட்டுல யாராவது கேப்பாங்க, பதில் தயாரா வச்சுக்கோங்க. ஒண்ணு ரெண்டு படம் பண்றவங்களுக்கு, மார்ச்லேர்ந்து மே வரைக்கும் பண்றவங்களுக்கு இது தாராளமா போதும். டிசம்பர் ஜனவரில ஊட்டி, தலைகுந்தா பக்கம் உறைபனி விழற நாள்ல இதை எடுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன்.

## ஹீட் கன்

பெயிண்ட் உரிக்கறதுக்கும், கார்ல ஸ்டிக்கர் ஒட்டறதுக்கும் வச்சிருப்பாங்களே, அது. ஆயிரத்துச் சொச்சத்துலேர்ந்து கிடைக்குது, பெரும்பாலும் 1500லேர்ந்து 2000 வாட்ஸ், மொத செட்டிங்கே 300 டிகிரிக்குக் கிட்ட, ரெண்டாவது 500, 600 வரைக்கும் போகும். இதுக்கு நம்ம குளிர் ஒரு பொருட்டே இல்ல. ட்ரையர் திணறற வேலையை இது சில நிமிஷத்துல முடிச்சுடும், வழியறது ஒரே சீரா, மெல்லிசா, நீளமா கீழ வரைக்கும் போகும். ஒரு கலர் இன்னொண்ணுக்குள்ள கலக்கற இடத்தை நாமே நினைச்ச மாதிரி இழுத்துட்டுப் போகலாம். டிசைன் அழகுன்னு மட்டும் பார்த்தா இதுக்குத்தான் மார்க்.

மத்த எல்லாத்துலயும் இதுக்கு மார்க் குறைப்பேன். பாரஃபின் மெழுகு 200 டிகிரி கிட்டப் போனாலே தீப்பிடிக்கற ஆவி கிளம்பும், இந்த மெஷின் காத்தே அதுக்கு மேல. ஒரே இடத்துல நிறுத்தினா புகை, கிரேயான் மேல சுத்தியிருக்கற பேப்பர் கருகல், ப்ளைவுட்ல பழுப்புத் தழும்பு. குறைஞ்ச செட்டிங்ல, ஒரு சாண் தள்ளி, கையை ஆட்டிக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல: க்ளூ கன்ல ஒட்டின பசையும் இந்தச் சூட்டுக்கு உருகிடும், கிரேயான் வரிசையே மொத்தமா சறுக்கிக்கிட்டு கீழ வரும். சரி ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டலாம்னா அது காயறதுக்கு முன்னாடி சூடு பட்டா குப்புனு பிடிக்கற சாமான். மேல ஒரு மெல்லிய மரச் சட்டம் வச்சு, அதுக்கும் பலகைக்கும் நடுவுல கிரேயானை இறுக்கி ஸ்க்ரூ போடறதுதான் நிம்மதி.

16 ஆம்பியர் ப்ளக் இல்லாத வீட்டுல வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி ஓட விடறது கண்டிப்பா வேண்டாம். பசங்க கையில கொடுக்கற பேச்சே இல்ல. ஜன்னல் சாத்தின ரூம்லயும் கூடாது, போர்ட்டிகோல வச்சுப் பண்ணுங்க, குளிருதேன்னு உள்ள வராதீங்க.

அப்ப யாருக்கு இது? வரிசையா நிறைய படம் பண்ணி ஹோம்ஸ்டேக்கோ கடைக்கோ கொடுக்கப் போறவங்களுக்கு. ஒரே ஒரு படத்துக்கு இதை வாங்கினா அப்புறம் வருஷக்கணக்குல பரண்ல தூங்கும். ஸ்டிக்கர் கடைக்காரர், எலக்ட்ரீஷியன் யாராவது தெரிஞ்சவங்களா இருந்தா ஒரு மத்தியானத்துக்குக் கேட்டு வாங்கிக்கோங்க, நம்ம ஊர்ல அதெல்லாம் யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க.

## அயர்ன் பாக்ஸ்

என்னைக் கேட்டா மலை வீட்டுக்கு இதுதான். வழியற டிசைன் இதுல வராது, அதை மொதல்லயே சொல்லிடறேன். வர்றது வேற மாதிரி, கலர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பரவி, வெளிச்சம் ஊடுருவற ஒரு தாள். சர்ச் ஜன்னல்ல கலர்க் கண்ணாடி பார்த்திருப்பீங்களே, அந்த எஃபெக்ட்.

ஏன் இதைத் தூக்கிப் பிடிக்கறேன்னா, மேல சொன்ன எந்தக் கஷ்டமும் இதுக்கு இல்ல. சூடான தகடு நேரா மெழுகு மேல உக்காருது, நடுவுல குளிர்காத்துக்கு வேலையே இல்ல. சாதாரண அயர்ன் பாக்ஸ் 750, 1000 வாட்ஸ்தான், லயன் வீட்டு ப்ளக்கே தாங்கும். வோல்டேஜ் குறைஞ்சா சூடாக ரெண்டு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான், ஏன்னா நமக்கு வேண்டியதே குறைஞ்ச சூடு. தெறிக்காது, புகையாது, மொத்தமும் கால் மணி நேர வேலை.

செய்யறது இப்படி. கிரேயானைப் பென்சில் ஷார்ப்னர்லயோ பழைய துருவல்லயோ சீவிக்கோங்க. மேஜை மேல நாலு மடிப்பு பழைய பேப்பர், அதுக்கு மேல பட்டர் பேப்பர், அதுல சீவலை மெல்லிசா தூவுங்க, கனமா போட்டா எல்லாக் கலரும் கலந்து சேத்து நிறம் வந்துடும், தாள் அங்கங்க தெரியற அளவுக்குத் தூவினா போதும். மேல இன்னொரு பட்டர் பேப்பர், அதுக்கு மேல ஒரு பழைய காட்டன் துணி. அயர்ன் பாக்ஸ்ல ஸ்டீமை ஆஃப் பண்ணிட்டு, சில்க்குக்கு வைக்கற சூட்டுல வச்சு, தேய்க்காம, தூக்கித் தூக்கி வைங்க. ஒரு இடத்துல அஞ்சாறு செகண்ட். தேய்ச்சீங்கன்னா கலர் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். துணியை எடுத்துப் பார்த்தா சீவல் எல்லாம் புள்ளியா விரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஓரத்துல மட்டும் தொட்டுக்கிட்டு இருக்கும், மஞ்சளும் நீலமும் தொட்ட இடத்துல மெல்லிசா ஒரு பச்சைக் கோடு ஓடியிருக்கும். அந்த இடத்துல நிறுத்திடுங்க. இன்னும் ரெண்டு தடவை வச்சா அந்தக் கோடும் போயிடும்.

இதுக்கு நடுவுல இலை வச்சுக்கலாம், அதுலதான் நம்ம ஊருக்கு அதிர்ஷ்டம். டீ எஸ்டேட்டுக்குள்ள நிக்கற சில்வர் ஓக் இலை, பெரணி இலை, யூகலிப்டஸ்ங்கற கற்பூர மர இலை எல்லாம் ரோட்டோரமா உதிர்ந்தே கிடக்கும். பேப்பர்க் கட்டுக்குள்ள வச்சு நல்லா காய வச்சுட்டு வைங்க, பச்சையா வச்சா உள்ள ஈரம் ஆவியாகிக் கொப்புளம் விடும். கற்பூர மர இலை காய்ஞ்சதுலயும் எண்ணெய் மிச்சம் இருக்கும், அயர்ன் வச்ச உடனே தைலம் காய்ச்சற வாசனை வீடு பூரா வந்துடும், சளி புடிச்ச பிள்ளைக்கு அது ஒரு போனஸ். சில்வர் ஓக் இலையை வெள்ளைப் பக்கம் மேல இருக்கற மாதிரி வச்சா அடர்ந்த கலர் நடுவுல நல்லா எடுப்பா தெரியும். காட்டுக்குள்ள போயி பறிக்கற வேலை வேண்டாம். கொடைக்கானல்காரங்க குறிஞ்சிப் பூ வைக்கலாமான்னு கேப்பாங்க, நீலக்குறிஞ்சி 2018ல பூத்துச்சு, இனி 2030லதான், அப்பவும் பறிக்கக் கூடாது.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, அயர்ன் தகடுல ஒரு சொட்டு மெழுகு ஒட்டினாக் கூட மறுநாள் காலையில வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம்ல ஊதாக் கறை. துணி போடாம பண்ணவே பண்ணாதீங்க, ஒட்டிடுச்சுன்னா சூடா இருக்கும்போதே பழைய பேப்பர் மேல ஓட்டி எடுத்துடலாம். அப்புறம் ஃப்ரேம். இந்தத் தாளை வெறுமனே மாட்ட முடியாது, கண்ணாடி வேணும், படத்தை விட ஃப்ரேமுக்குத்தான் காசு போகும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவுல ஓரத்துல ஒரு அட்டை வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க, இல்லேன்னா பனி நாள்ல உள்ள வேர்த்து ஒட்டிக்கும். கரி போடற இஸ்திரிப் பெட்டி வச்சிருக்கறவங்க கரண்ட் இல்லாத நாள்ல அதை எடுக்காதீங்க, அதுல சூட்டை அடக்க முடியாது, மூடின ரூம்ல கரி கனிய விடறது உயிருக்கே ஆபத்து.

## கொதிக்கற தண்ணியில உருக்கி ஊத்தறது

உடைஞ்ச துண்டு கிரேயான் ஒரு டப்பா நிறைய சேர்ந்து கிடக்குதா, அப்ப இது. காலி மில்க்மெய்ட் டின்ல கலர் வாரியா துண்டைப் போட்டு, கொதிக்கற தண்ணிப் பாத்திரத்துல இறக்கி வச்சு உருக்கி, பலகையில ஊத்திச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பரவ விடறது. ஊட்டி 2240 மீட்டர், இங்க தண்ணி 100 டிகிரிக்கு வராது, 92, 93லயே கொதிச்சுடும், பருப்பு வேகறதுக்குத்தான் அது கஷ்டம், மெழுகுக்கு அதுவே அதிகம். அதுல ஒரு நல்லதும் இருக்கு, தண்ணி இருக்கற வரைக்கும் மெழுகு அந்தச் சூட்டைத் தாண்டிப் போகவே போகாது. பாதுகாப்புன்னு பார்த்தா அடுப்பு வழியில இதுதான் ஒரே வழி. டின்னை நேரா தீயில வைக்கறவங்களைப் பார்த்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம், மெழுகு பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தி அணைக்கவும் முடியாது, ஊத்தினா வெடிச்சுத் தெறிக்கும், மூடி போட்டு அமுக்கி கேஸை ஆஃப் பண்றதுதான் வழி.

இங்கயும் பலகை சூடா இருக்கணும், அடுப்பு பக்கத்துலயே கொஞ்ச நேரம் சாய்ச்சு வச்சா வேலை முடிஞ்சுது. கோத்தகிரில லாஸ்ட் ஃபாரஸ்ட் கடை பக்கம் போறவங்க தேன்மெழுகு சாமான் பார்த்திருப்பீங்க. சுத்தத் தேன்மெழுகு எங்க கிடைச்சாலும் கொஞ்சம் சேர்த்து உருக்கிப் பாருங்க, வெறும் பாரஃபின் குளிர்ல பட்டுனு விரியும், தேன்மெழுகு சேர்ந்தா கொஞ்சம் இழுவையா நிக்கும். வெள்ளையும் வெளிர்நீலமும் மட்டும் லேசா மஞ்சள் தட்டும். எகிப்துல ஃபையூம்ங்கற இடத்துல மம்மியோட கூட வச்ச முகப் படங்கள் கிடைச்சிருக்கு, சுமார் 1லேர்ந்து 3ஆம் நூற்றாண்டு வரைக்கும், அதுல நிறைய படம் தேன்மெழுகுல கலர் கலந்து வரைஞ்சது, இன்னைக்கும் கண்ணு உயிரோட பார்க்குது. அப்ப நம்ம படமும் நிக்குமான்னு கேட்டா, மெழுகு நிக்கும், கலருக்கு கேரண்டி இல்ல. அவங்க போட்டது பெரும்பாலும் மண்ணும் கல்லும் அரைச்ச நிறம், நம்மது பிள்ளைங்க பேப்பர்ல கிறுக்கறதுக்குச் செஞ்ச நிறம்.

தெரியாத செலவு சிங்க்தான். டின்னைக் கழுவறேன்னு மிச்ச மெழுகை சிங்க்ல ஊத்தினா நம்ம குழாய்க் குளிர்ல அடுத்த நிமிஷமே அடைச்சுக்கும், ப்ளம்பர் கூலி ஒரு ஹீட் கன் விலையைத் தொடும். டின்லயே உறைய விட்டு அடுத்த தடவை உருக்குங்க.

## மெழுகுவர்த்தி

காசே இல்ல, கரண்டும் வேண்டாம், மழைக்கு மரம் விழுந்து ரெண்டு நாள் லைன் வராதப்ப வேற வழியும் இல்ல. கிரேயான் நுனியைத் தீயில காட்டி சொட்டுச் சொட்டா வைக்கறது, புள்ளி வச்ச கார்டு, சின்ன மரத் துண்டுன்னு பண்ணலாம். தீ நாக்குக்குள்ள கொண்டு போனா கரி ஏறி மஞ்சள் அழுக்காயிடும், பக்கவாட்டுல காட்டணும். பெரிய படம் இதுல நடக்காது. எனக்கு இதுல பயம் ஒண்ணுதான், இங்க எல்லாரும் ஷாலும் ஸ்வெட்டருமா உக்காந்திருப்போம், இப்ப வர்ற ஸ்வெட்டர் பாதி அக்ரிலிக், தீப்பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

## வெயில்ல வைக்கறது

மேட்டுப்பாளையத்துலயோ வத்தலக்குண்டுலயோ சித்திரை வெயில்ல மொட்டை மாடில வச்சா நடக்கும். இங்க நடக்காது. ஏப்ரல்ல கண்ணாடி ஏத்தின காருக்குள்ள கறுப்புப் பலகையில வச்சா கொஞ்சம் குழையலாம், அவ்வளவுதான்.

## முடிச்சப்புறம் மாட்டற கதை

எதுல பண்ணினாலும் இது பொது. குளிர்ல கொஞ்ச நாள் இருந்தா மெழுகு மேல வெள்ளையா ஒரு படலம் படியும், பூஞ்சைன்னு பயந்து தூக்கிப் போடாதீங்க. மெல்லிய காட்டன் துணியால லேசா தேய்ச்சா போயிடும். தேய்ச்சும் போகாம புள்ளி புள்ளியா, வாடையோட இருந்தாத்தான் பூஞ்சை, அது பெரும்பாலும் பலகையோட பின்பக்கத்துலதான் ஆரம்பிக்கும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன்லேர்ந்தும், குன்னூர் கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையிலயும் வெளிச் சுவர் ஊறிப்போயிடும், அந்தச் சுவர்ல மாட்டாதீங்க. வேற சுவர் இல்லேன்னா பலகைக்குப் பின்னாடி நாலு மூலைலயும் பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டுங்க, காத்து ஓடற இடைவெளி கிடைக்கும். கணப்பு மேலயும் வேண்டாம், நேரா வெயில் விழற ஜன்னல் எதிர்லயும் வேண்டாம். ஒவ்வொரு 1000 மீட்டர் மேல போகப் போக யூவி கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், வெயில் உறைக்கலையேன்னு நாம நினைச்சாலும் கலர் வெளுக்கும். அயர்ன்ல பண்ண தாளை ஜன்னல்ல மாட்டினாத்தான் அழகு, அதனால அதை வடக்குப் பார்த்த ஜன்னல்ல மாட்டுங்க, வெளுத்தா இன்னொண்ணு பண்ணிக்கலாம், கால் மணி நேரம்தானே.

கடைசியா, இதைக் கோயம்புத்தூர் மெட்ராஸ்ல இருக்கற சொந்தக்காரங்களுக்குக் கொடுக்க நினைக்கறவங்களுக்கு. வழிய விட்ட கனமான படம் நம்ம வீட்டுல ஆயுசுக்கும் அசையாது, ஆனா மே மாசம் வெயில்ல நிறுத்தின காருக்குள்ள சூடு 60 டிகிரி கூடத் தொடும், அங்க அது திரும்ப வழிய ஆரம்பிச்சுடும். தட்டையா படுக்க வச்சு, மேல பட்டர் பேப்பர் போட்டு, டிக்கில வைக்காம ஏசி இருக்கற பக்கம் வச்சுக் கொண்டு போங்க. பஸ்ல போறவங்க காலையில மொத பஸ்ஸைப் புடிங்க, வெயில் ஏறறதுக்குள்ள வீடு சேர்ந்துடலாம்.